அமைச்சர் பேசியது, எழுத்தர் எழுதியது: ஹாப்ஸ்பர்க் கூட்டக்குறிப்புகளைப் பதிப்பிக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1914 ஜூலை 7 அன்று வியன்னாவில் ஆஸ்திரிய-ஹங்கேரியின் பொது அமைச்சரவை கூடியது. சரயேவோவில் பட்டத்து இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. வெளியுறவு அமைச்சர் பெர்க்டோல்ட் தலைமை வகித்தார். ஆஸ்திரியப் பிரதமர் ஷ்டூர்க், ஹங்கேரியப் பிரதமர் திஸா, பொது நிதியமைச்சர் பிலின்ஸ்கி, போர் அமைச்சர் க்ரோபாட்டின் ஆகியோர் இருந்தார்கள். ஒரு கட்டத்தில் தலைமைத் தளபதி கான்ராடும் அழைக்கப்பட்டார். செர்பியா மீது என்ன நடவடிக்கை எடுப்பது என்பதுதான் பேச்சு. அந்தக் கூட்டத்தின் குறிப்பில் ஒரு வாக்கியம் வருகிறது: இரு தரப்புப் படைபலம் பற்றியும், ஐரோப்பியப் போர் மூண்டால் அது எப்படிப் போகும் என்பது பற்றியும் நீண்ட விவாதம் நடந்தது, அதன் இரகசியத் தன்மை கருதி அது குறிப்பில் ஏற்றத் தகுந்ததாக இல்லை.

வரலாற்றாசிரியர்கள் எதைக் கேட்கத் துடிக்கிறார்களோ, அது நடந்த இடத்தில் இந்த ஒரு வரிதான் நிற்கிறது. எழுதியவர் யார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் கனக்கிறது. அன்று குறிப்பெடுத்தவர் கோமகன் ஹோயோஸ். அதற்கு ஓரிரு நாள் முன்னால் பெர்லினுக்குப் போய் ஜெர்மனியின் ஆதரவு உறுதியைப் பெற்று வந்த அதே ஹோயோஸ். பேசப்பட்ட காரியத்தில் கைகொடுத்தவரே பேனாவையும் பிடித்திருந்தார்.

கூட்டக்குறிப்பைப் பதிப்பிக்க வருபவர் இதைத்தான் முதலில் மனத்தில் பதிக்க வேண்டும். குறிப்பு ஒலிப்பதிவு கிடையாது. எழுத்தர் சுருக்கி எழுதியதை அமைச்சர்கள் பார்த்துத் திருத்தி, பேரரசர் கையெழுத்திட்டு முடித்த காகிதம் அது. அதில் எத்தனை கைகள் பட்டிருக்கின்றனவோ அத்தனையையும் வாசகருக்குப் பிரித்துக் காட்டுவதே பதிப்பாசிரியரின் வேலை. மற்றதெல்லாம் அதற்கான கருவிகள்.

ஜெர்மன் படிக்கத் தெரிந்த, ஐரோப்பிய வரலாற்றில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். ஒரே ஒரு கூட்டக்குறிப்பை எடுத்து, கோப்பிலிருந்து அச்சு வரை கொண்டு போவதற்கான வழி இது.

எந்த அவையின் குறிப்பு என்று முடிவு செய்யுங்கள்

ஆஸ்திரியாவையும் ஹங்கேரியையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் பேரரசில் பொறுப்புள்ள அமைச்சரவை என்ற ஏற்பாடு 1848 புரட்சியில் பிறந்தது. மார்ச் 17 அன்று வந்த பேரரசரின் ஆணையே அதன் தொடக்கம். 1851 டிசம்பர் 31 அன்று அரசியல் சாசனம் கைவிடப்பட்டது. 1852 ஏப்ரலில் பிரதமர் ஷ்வார்சன்பெர்க் இறந்தார். அதன்பின் அதே மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் வெறும் ‘அமைச்சர் மாநாடு’ ஆனார்கள். பிரதமர் என்று யாரும் இல்லை. வெளியுறவு அமைச்சர் பூவோல் தலைமை வகித்தார். முடிவெடுப்பவர் இளம் பேரரசர் பிரான்ஸ் யோசஃப். 1861இல் இளவரசர் ரைனர் தலைமையில் அமைச்சரவை மறுபடி வந்தது. 1867இல் ஹங்கேரியோடு ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகு அமைச்சரவைகள் மூன்றாயின: வெளியுறவு, போர், பொது நிதி ஆகிய மூன்று துறைகளைக் கவனித்த பொது அமைச்சரவை, ஆஸ்திரியப் பாதியின் அமைச்சரவை, ஹங்கேரியின் அமைச்சரவை. கடைசியாகச் சொன்னதன் குறிப்புகள் ஹங்கேரிய மொழியில் புடாபெஸ்டின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளாமல் கோப்பைத் திறக்காதீர்கள். 1856ஆம் ஆண்டுக் குறிப்பில் ஓர் அமைச்சர் தோற்றுப்போன யோசனையை விடாமல் பதிவு செய்யச் சொல்கிறார் என்றால், அவர் சக அமைச்சர்களைப் பார்த்துப் பேசவில்லை. குறிப்பைப் படிக்கப் போகும் பேரரசரைப் பார்த்துப் பேசுகிறார். 1848இன் குறிப்பில் அதே பிடிவாதத்துக்குப் பொருள் வேறு, ஏனென்றால் அப்போது வெளியே தெருவில் மக்கள் நின்றார்கள்.

ஏற்கெனவே என்ன வந்திருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1848 முதல் 1867 வரையான குறிப்புகளை வியன்னாவில் பதிப்பித்த வரிசைக்கு ஹெல்முட் ரும்ப்ளரின் அறிமுகத் தொகுதி 1970இல் வெளிவந்தது; வரிசை 2015இல்தான் நிறைவு பெற்றது. வால்ட்ராவுட் ஹைண்டல், ஷ்டெஃபான் மால்ஃபேர், தோமாஸ் க்ளெட்டெச்கா, ஹோர்ஸ்ட் ப்ரெட்னர்-மெஸ்லர் போன்றவர்கள் தங்கள் பணிக்காலத்தின் பெரும்பகுதியை இதற்குக் கொடுத்தார்கள். பொது அமைச்சரவையின் குறிப்புகளைப் பதிப்பிக்கும் பொறுப்பைப் புடாபெஸ்ட் ஏற்றது. மிக்லோஷ் கொம்யாட்டியின் 1914–1918 தொகுதி 1966லேயே வந்துவிட்டது. இரும்புத்திரை ஐரோப்பாவை இரண்டாகப் பிளந்திருந்த காலத்தில், அதன் இரு பக்கமும் இருந்த அறிஞர்கள் ஒரே பேரரசின் காகிதங்களைப் பங்கிட்டுக்கொண்டு வேலை செய்தார்கள் என்பது எனக்கு இன்றும் பெருமதிப்புத் தரும் செய்தி. ஆஸ்திரியப் பாதியின் 1867க்குப் பிந்தைய வரிசையில் முதல் தொகுதி 2018இல்தான் வந்தது. ஏன் இவ்வளவு தாமதம் என்பதைக் கருகிய தாள்களைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

எழுத்தைப் படிக்கப் பழகுங்கள்

1848 முதல் 1867 வரையான குறிப்புகள் வியன்னாவில் மினோரிட்டன்பிளாட்ஸ் சதுக்கத்தில் இருக்கும் அரச குடும்ப, அரசவை, அரசு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவை குரென்ட் என்ற பழைய ஜெர்மன் சாய்வெழுத்தில் எழுதப்பட்டவை. இன்றைய ஜெர்மானியர்களே இதைப் படிக்கத் தனியாகப் பயிற்சி எடுத்தாக வேண்டும். அதனால் தமிழ் பேசுபவர் ஒருவருக்கு இதில் எந்தப் பின்னடைவும் இல்லை. எல்லோரும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறோம்.

படித்துப் பழகுவதைவிட எழுதிப் பழகுவது வேகமாகக் கைகொடுக்கும். கூர்மையான பேனாவை எடுத்து ஒவ்வொரு எழுத்தையும் நீங்களே எழுதுங்கள். என் (n), யூ (u), ஈ (e) ஆகிய மூன்று சிற்றெழுத்துகளும் மேலும் கீழும் போகும் ஒரே கோடாகத் தெரியும். யூ எழுத்தின் தலைமேல் ஒரு சிறு வளைவு இருக்கும், அதுதான் அடையாளம். ஈ எழுத்து என் எழுத்தைப் போலவே இருக்கும், ஆனால் இரு கோடுகளும் நெருங்கி நிற்கும். கை ஒருமுறை அந்தப் பாதையில் போய்விட்டால் கண் அதை மறக்காது. பெயர்களையும் லத்தீன், பிரெஞ்சுச் சொற்களையும் எழுத்தர்கள் பெரும்பாலும் உருண்டையான லத்தீன் எழுத்தில் எழுதினார்கள். அது புதியவருக்குப் பெரிய உதவி. பக்கத்தைப் பார்த்தவுடன் பெயர்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

பயிற்சிக்கு ஒரு நேர்மையான வழி உண்டு. ஏற்கெனவே அச்சாகிவிட்ட ஒரு குறிப்பின் மூலக்கோப்பையே கேட்டு வாங்குங்கள். அச்சுப் பிரதியைப் பார்க்காமல் முழுவதையும் எழுதி முடியுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். உங்கள் தவறுகள் எந்த எழுத்தில், எந்த எழுத்தரின் கையில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று ஒரு பட்டியல் போடுங்கள். ரான்சோனே, மார்ஹெர் போன்ற குறிப்பெழுத்தர்களின் பெயர்கள் அந்த ஆண்டுகளின் தாள்களில் மறுபடி மறுபடி வரும். வரைவு எழுதியவரின் கை வேறாகவும், சுத்தப் பிரதி எடுத்தவரின் கை வேறாகவும் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

இன்ஸ்ப்ருக்கில் உருவான டிரான்ஸ்கிரிபஸ் போன்ற மென்பொருள்கள் இப்போது குரென்ட் எழுத்தை ஓரளவு நன்றாகவே படிக்கின்றன. பயன்படுத்துங்கள், ஆனால் முதல் நூறு பக்கங்களை நீங்களே கையால் பெயர்த்தெழுதிய பிறகு பயன்படுத்துங்கள். மனிதர் படிக்க முடியாத இடத்தில் திணறி நிற்பார், அந்தத் திணறல் பக்கத்தில் தெரியும். இயந்திரம் அதே இடத்தில் இலக்கணச் சுத்தமான ஒரு தவறான சொல்லை வைத்துவிட்டு நகர்ந்துவிடும். மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடாத யாரும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

பெயர்த்தெழுதும்போது ஒன்றைக் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டும். கூட்டக்குறிப்பு முழுவதும் அயற்கூற்றில் ஓடுகிறது. தமிழில் ‘என்று அவர் சொன்னார்’ என்று நாம் முடிப்பதை ஜெர்மன் வினைச்சொல்லின் வடிவத்திலேயே காட்டிவிடும். ‘ஹாட்’ என்று எழுதியிருந்தால் எழுத்தரே சொல்லும் உண்மை. ‘ஹாபெ’ என்றால் அமைச்சர் அப்படிச் சொன்னார் என்று பொருள். கருவூலத்தில் பணம் இல்லை என்பது நிலவரமா, நிதியமைச்சரின் வாதமா என்பதை இந்தச் சிறிய வேறுபாடு தீர்மானிக்கிறது. களைத்த கண்ணோடு இந்த இடங்களைப் படிக்கவே கூடாது.

எழுத்துக்கூட்டலைப் பழையபடியே வைப்பதா, இன்றைய வழக்குக்கு மாற்றுவதா என்பதில் இரு கட்சிகள் உண்டு. ஜெர்மன் எழுத்துக்கூட்டல் 1901இல்தான் ஒழுங்குபடுத்தப்பட்டது. அதற்கு முன் ஒரே எழுத்தர் ஒரே பக்கத்தில் ஒரு சொல்லை இரு விதமாக எழுதுவார். கவிதையில் அது பொருட்படுத்த வேண்டிய செய்தியாக இருக்கலாம். அலுவலகக் காகிதத்தில் வாசகரைக் களைப்படையச் செய்வதைத் தவிர வேறு பயன் இல்லை என்பதே என் கருத்து. மாற்றுங்கள், ஆனால் எந்த விதிப்படி மாற்றினீர்கள் என்று முன்னுரையில் சொல்லிவிடுங்கள். ஆட்பெயர், ஊர்ப்பெயர், துறைப் பெயர் ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம்.

கைகளைப் பிரித்துக் காட்டுங்கள்

சுவடிப் பதிப்பில் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் திகைப்பார்கள். அங்கே பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிப்போம். இங்கே பெரும்பாலும் ஒரே ஒரு சுத்தப் பிரதிதான் உண்டு. பேதமெல்லாம் அந்த ஒரே தாளின் மேல், ஓரத்திலும் வரிகளுக்கு இடையிலும் கிடக்கிறது.

நடைமுறை இப்படி. கூட்டம் முடிந்ததும் எழுத்தர் தன் குறிப்புகளிலிருந்து வரைவு எழுதினார். சுத்தப் பிரதி தயாரானதும் அது அமைச்சர்களிடம் ஒவ்வொருவராகச் சுற்றுக்குப் போனது. ஒவ்வொருவரும் பார்த்ததற்கு அடையாளமாகக் கையெழுத்தும் தேதியும் போட்டார்கள். அப்போது தாங்கள் சொன்னதாக எழுதப்பட்டதைத் திருத்தவும் செய்தார்கள். ஒரு சொல்லை அடித்து மென்மையான வேறொன்றை வைப்பார்கள். சில சமயம் ஓரத்தில் ஒரு பத்தியையே சேர்த்துவிடுவார்கள். கடைசியில் அது பேரரசரின் செயலகத்துக்குப் போய், ‘இந்தக் குறிப்பின் உள்ளடக்கத்தை அறிந்துகொண்டேன்’ என்ற வாய்ப்பாட்டின் கீழ் பிரான்ஸ் யோசஃபின் கையெழுத்தோடு திரும்பியது.

ஆகவே ஒவ்வொரு குறிப்பின் தலைப்பகுதியிலும் இவை இடம்பெற வேண்டும்: கூட்டம் நடந்த நாளும் இடமும், உங்கள் கையில் இருப்பது சுத்தப் பிரதியா, வரைவா, பின்னால் எடுத்த படியா, குறிப்பெழுதியவர், தலைமை வகித்தவர், வந்தவர்கள், வராதவர்கள், யார் எந்தத் தேதியில் பார்த்துக் கையெழுத்திட்டார்கள், பேசப்பட்ட பொருள்கள். ஒரு தாளுக்கு இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அமைச்சரவை இட்டது, மற்றொன்று பேரரசரின் செயலகம் இட்டது. இரண்டையும் கொடுங்கள். பேரரசரின் முடிவைக் குறிப்பின் அடியில், அதன் தேதியோடு வையுங்கள். கூட்டத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்று பார்த்துக்கொள்ளும் பழக்கம் நல்லது. பேரரசர் ‘அறிந்துகொண்ட’ நாளுக்கு முன்பே ஆணை வெளியாகியிருந்தால், அவருடைய ஒப்புதல் வேறு வழியில் வாங்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த வழியைத் தேட வேண்டும்.

திருத்தங்களுக்குத் தனி வகை அடிக்குறிப்பு வேண்டும். பாடக் குறிப்புகளுக்குச் சிற்றெழுத்து, விளக்கக் குறிப்புகளுக்கு எண் என்று வியன்னா வரிசை பிரித்தது, அதையே பின்பற்றுங்கள். பாடக் குறிப்பில் மூன்று செய்திகள் இருந்தால் போதும்: யாருடைய கை, முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது. ஏன் மாற்றினார் என்று ஊகிக்காதீர்கள். உள்துறை அமைச்சர் பாஹ் ஒரு வாக்கியத்தில் ‘கட்டாயம்’ என்பதை அடித்து ‘விரும்பத்தக்கது’ என்று மாற்றியிருந்தால், அதைத் தெரிவிப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. காரணம் காண்பது வாசகரின் உரிமை.

விளக்கக் குறிப்பு: எவ்வளவு, எங்கே நிறுத்துவது

புதியவர்கள் தடுக்கி விழும் இடமும், வேலையின் சுவை அத்தனையும் இருக்கும் இடமும் இதுதான்.

குறிப்பில் வரும் ஒவ்வொரு பொருளைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எங்கிருந்து இந்த மேசைக்கு வந்தது? இதற்கு முன்போ பின்போ வேறு கூட்டத்தில் பேசப்பட்டதா? கடைசியில் என்ன ஆயிற்று? முதல் கேள்விக்கு விடை, அமைச்சர் பேரரசருக்கு எழுதிய விண்ணப்ப அறிக்கையில் இருக்கும்; அவையும் அதே காப்பகத்தில் உள்ளன. இரண்டாவதற்கு உங்கள் தொகுதியின் மற்றக் குறிப்புகளைப் பார்க்க வேண்டும். மூன்றாவதற்கு 1849இல் தொடங்கிய பேரரசுச் சட்ட இதழையும், ‘வீனர் ட்சைட்டுங்’ என்ற அரசிதழையும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஆஸ்திரிய தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது: சட்டங்கள் அலெக்ஸ் என்ற தளத்தில், செய்தித்தாள்கள் அன்னோ என்ற தளத்தில். மதுரையில் உட்கார்ந்துகொண்டு 1857ஆம் ஆண்டு வியன்னாச் செய்தித்தாளைப் பக்கம் பக்கமாகப் படிக்கலாம்.

உதாரணத்துக்கு, 1857 டிசம்பர் கடைசியில் நடந்த ஒரு கூட்டத்தின் குறிப்பில், நகரக் கோட்டைகள் பற்றிய ‘இம்மாதம் 20ஆம் தேதிக் கடிதம்’ என்று வருவதாக வைத்துக்கொள்வோம். பேரரசர் உள்துறை அமைச்சர் பாஹுக்கு எழுதிய கடிதம் அது. ‘இது என் விருப்பம்’ என்று தொடங்கி, வியன்னாவின் உள்நகரைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவர்களை இடிக்க ஆணையிட்டது. டிசம்பர் 25ஆம் தேதி வீனர் ட்சைட்டுங்கில் வெளிவந்தது. உள்நகரைச் சுற்றி ஓடும் ரிங் சாலை அதிலிருந்துதான் பிறந்தது. அடிக்குறிப்பில் என்ன எழுதுவீர்கள்? கடிதம் யார் யாருக்கு எழுதியது, தேதி, எங்கே அச்சானது, இதே விஷயம் வேறு எந்தக் கூட்டத்தில் வந்தது. அவ்வளவுதான். ரிங் சாலையின் கட்டடக்கலை பற்றி இரண்டு பத்தி எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். அதைத் தெரிந்துகொள்ள நூறு நூல்கள் இருக்கின்றன. அந்தக் கடிதம் எந்த நாள் இதழில் வந்தது என்று சொல்ல உங்கள் அடிக்குறிப்பு மட்டும்தான் இருக்கிறது.

இந்த எடுத்துக்காட்டிலேயே ஒரு கண்ணியும் இருக்கிறது. எழுத்தர்கள் தேதியை ‘இம்மாதம்’, ‘கடந்த மாதம்’ என்றே எழுதுவார்கள், அதுவும் இரண்டு எழுத்துச் சுருக்கமாக. ஜனவரி 3ஆம் தேதிக் குறிப்பில் ‘கடந்த மாதம்’ என்றால் ஆண்டும் மாறிவிடுகிறது. எல்லாத் தேதிகளையும் விரித்து முழுத் தேதியாகச் சரிபாருங்கள்.

ஆட்களை அடையாளம் காண்பதில் இன்னும் கவனம் வேண்டும். 1851ஆம் ஆண்டுக் குறிப்புகளில் ‘க்ராவுஸ்’ என்று வரும். அந்த ஆண்டு அந்த மேசையில் இரண்டு க்ராவுஸ்கள் உட்கார்ந்திருந்தார்கள்: நிதியமைச்சர் ஃபிலிப், நீதியமைச்சர் கார்ல். அண்ணன் தம்பிகள். பெயரை மட்டும் பார்த்து அடைவில் (நூலின் பின்னால் வரும் பெயர்ப் பட்டியலில்) சேர்த்தால் நீதித்துறைச் சீர்திருத்தத்தை நிதியமைச்சரின் தலையில் கட்டிவிடுவோம். பதவிப் பெயர் மட்டும் வரும் இடங்களும் அப்படித்தான். 1850இல் ‘வணிக அமைச்சர்’ என்றால் ப்ரூக். 1852இல் பவும்கார்ட்னர், அவரே அப்போது நிதித்துறையையும் பார்த்தார். 1855இல் ப்ரூக் நிதியமைச்சராகத் திரும்பி வருகிறார். அந்தந்த ஆண்டின் அரசவை, அரசு ஊழியர் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதவியையும் தேதியோடு உறுதி செய்யுங்கள். வாழ்க்கைக் குறிப்புகளுக்கு வுர்ட்ஸ்பாஹின் அறுபது தொகுதி அகராதியும், 1815–1950 காலத்துக்கான ஆஸ்திரிய வாழ்க்கை வரலாற்று அகராதியும் உண்டு. இன்னொரு செய்தியையும் சொல்லத் தோன்றுகிறது: அந்த பவும்கார்ட்னர் இயற்பியலாளர், வியன்னா அறிவியல் அகாதமியின் தலைவராகவும் இருந்தவர். அவர் பேசிய கூட்டங்களின் குறிப்புகளை இன்று பதிப்பிப்பது அதே அகாதமிதான்.

நிறுவனங்களின் பெயரும் ஏமாற்றும். ‘ரைக்ஸ்ராட்’ என்பது 1851இல் க்யூபெக் தலைமையில் அமைந்த, பேரரசருக்கு ஆலோசனை சொல்லும் சிறிய அவை, அமைச்சர்களுக்குப் போட்டி. 1861க்குப் பிறகு அதே பெயர் நாடாளுமன்றத்தைக் குறிக்கிறது. அடைவில் இவை இரண்டும் தனித்தனிப் பதிவுகளாக இருக்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். 1858 நவம்பர் 1 வரை ஒரு குல்டனுக்கு 60 க்ரொய்ட்சர். அன்றிலிருந்து புதிய ஆஸ்திரிய நாணயத்தில் ஒரு குல்டனுக்கு 100 க்ரொய்ட்சர். பழைய 100 குல்டன் புதிய 105 குல்டனுக்குச் சமம். 1892இல் க்ரோன் அறிமுகமானது, ஒரு குல்டனுக்கு இரண்டு க்ரோன். மாற்றக் காலத்துக் குறிப்புகளில் எந்த நாணயம் என்று எழுத்தர் சொல்லாமல் விட்டிருந்தால், துறைக் கோப்பைத் தேடி உறுதி செய்த பிறகே எழுதுங்கள். இன்றைய யூரோவில் எவ்வளவு என்று மாற்றிக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. அந்தக் காலத்து ஓர் ஆசிரியரின் ஆண்டுச் சம்பளம் அதே குறிப்பிலோ பக்கத்துக் குறிப்பிலோ இருந்தால் அதைச் சுட்டுவது ஆயிரம் மடங்கு பயனுள்ளது. தொகைகளின் பட்டியல் வந்தால் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை சரியாக வராவிட்டால், ஒன்று நீங்கள் ஓர் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது எழுத்தர் தவறாக எழுதியிருக்கிறார். எது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த பக்கம்.

குறிப்புக்கு வெளியே இருக்கும் காகிதம் சில சமயம் குறிப்பைவிட உரக்கப் பேசும். 1914 ஜூலை 7 கூட்டத்தில் செர்பியா மீது உடனடிப் போருக்குத் திஸா இசையவில்லை என்பது குறிப்பிலேயே இருக்கிறது. மறுநாள் அவர் தன் வாதத்தைப் பேரரசருக்குத் தனிக் கடிதமாக எழுதினார். அந்தக் குறிப்புக்கு அடிக்குறிப்பு எழுதுபவர் ஜூலை 8 கடிதத்தைச் சுட்டாமல் விடக்கூடாது. ஜூலை 19 அன்று நடந்த அடுத்த கூட்டத்தையும் சுட்ட வேண்டும், ஏனென்றால் செர்பியாவுக்கான இறுதி எச்சரிக்கையின் வாசகம் அங்கேதான் முடிவானது. அப்போது வாசகர் மூன்று காகிதங்களையும் வரிசையாகப் படித்து, திஸாவின் நிலை நகர்ந்த விதத்தைத் தானே கண்டுகொள்வார்.

கருகிய தாள்கள்

ஷாட்டன்டோர்ஃப் என்ற ஊரில் இருவரைச் சுட்டுக் கொன்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டதை எதிர்த்து, 1927 ஜூலை 15 அன்று வியன்னாத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். நீதி மாளிகைக்குத் தீ வைக்கப்பட்டது. காவல்துறை சுட்டது; அந்தக் கலவரத்தில் 89 பேர் இறந்தார்கள். எரிந்த கட்டடத்துக்குள்தான் உள்துறை, நீதித்துறை ஆவணக் காப்பகம் இருந்தது. ஆஸ்திரியப் பாதியின் 1867 முதல் 1918 வரையான அமைச்சரவைக் குறிப்புகளும் அங்கே இருந்தன. நிறைய அழிந்தது. மீட்கப்பட்டவை ‘தீக்கோப்புகள்’ என்ற பெயரில் வாழ்கின்றன: ஓரங்கள் கருகி, தண்ணீரில் ஊறி, வரிகளின் தொடக்கமும் முடிவும் போன தாள்கள்.

இவற்றைப் பதிப்பிப்பது தனிக் கலை. முதலில், தாளின் அகலத்தை மீட்டெடுங்கள். குறிப்பின் தலைப்பு, முடிவுரை, பேரரசரின் வாய்ப்பாடு ஆகியவை மாறாத சொற்கள். அவற்றில் ஒரு வரியின் பாதி மிஞ்சியிருந்தாலே மறுபாதியில் எத்தனை எழுத்து போயிருக்கும் என்று கணக்கிடலாம். அந்தக் கணக்கை வைத்து மற்ற வரிகளின் இழப்பையும் அளக்கலாம். பிறகு மூன்று நிலைகளைக் கண்டிப்பாகப் பிரியுங்கள்: பாதிச் சொல் இருந்து மீதி ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிவது, வேறு ஆவணத்தின் துணையால் நிரப்ப முடிவது, எதுவுமே தெரியாதது. முதலிரண்டையும் வெவ்வேறு அடைப்புக்குறியில் காட்டுங்கள். மூன்றாவதை வெற்றிடமாக விட்டு, ஏறத்தாழ எத்தனை எழுத்து அல்லது வரி போயிருக்கிறது என்று சொல்லுங்கள். இலக்கணத்துக்குப் பொருந்தும் சொல் ஒன்று கிடைத்துவிட்டது என்பதற்காக அதை நிரப்பிவிடக் கூடாது. ‘அமைச்சரவை ஒப்புக்கொண்டது’ என்பதற்கும் ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்பதற்கும் இலக்கணம் ஒன்றேதான்.

துணை ஆவணங்களைத் தீ தொடாத இடத்தில் தேட வேண்டும். பேரரசரின் செயலகத்துக்குப் போன அறிக்கைகள் மினோரிட்டன்பிளாட்ஸில் பத்திரமாக இருக்கின்றன. நாடாளுமன்ற நடவடிக்கைகள் அச்சில் உள்ளன. அமைச்சர்களின் குடும்பக் காகிதங்களிலும் படிகள் கிடைக்கலாம். இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்து ஒரு கூட்டத்தை உயிர்ப்பிக்க நாளாகும். 2018 வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது இப்போது புரிந்திருக்கும். எரிந்த அந்த மாளிகை நிற்கும் சதுக்கத்துக்கு ஷ்மெர்லிங்கின் பெயர். 1860 முதல் 1865 வரை அரசு அமைச்சராக இருந்த அதே ஷ்மெர்லிங், நீங்கள் பதிப்பிக்கும் குறிப்புகளில் பக்கத்துக்குப் பக்கம் பேசுகிறார்.

கணினியில் ஏற்றுவதும் அடைவும்

இன்று அறிவுலகம் ஏற்றுக்கொண்ட முறை டிஇஐ (TEI), அதாவது பாடங்களைக் கணினிக்காகக் குறியிடுவதற்கான பொது விதித்தொகுப்பு. எக்ஸ்எம்எல் (XML) என்ற குறியீட்டு மொழியின் வடிவில், எது ஆட்பெயர், எது ஊர், எது திருத்தம், எது நிரப்பிய சொல் என்று வாக்கியத்துக்குள்ளேயே குறியிட வேண்டும். நுட்பம் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். எதற்குக் குறியிடுவது என்ற முடிவுதான் கடினம். தொடக்கத்திலேயே குழுவில் எல்லோரும் கூடி முடிவெடுத்து எழுதி வையுங்கள். பாதியில் விதி மாறினால் முன்பு செய்த பக்கங்களுக்கெல்லாம் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

ஊர்ப்பெயர்களில் மூலத்தில் இருப்பதையே பாடத்தில் வையுங்கள். பிரெஸ்பர்க் என்று எழுத்தர் எழுதியிருந்தால் பிரெஸ்பர்க். அடைவில் ஹங்கேரியப் பெயரான பொஜோனியையும் இன்றைய பெயரான பிராட்டிஸ்லாவாவையும் சேர்த்துக் கொடுங்கள். லெம்பர்க் இன்று உக்ரைனில் லிவிவ்; போலந்துக்காரர்களுக்கு ல்வூஃப். அக்ராம் என்பது ஜாக்ரெப். ஒரு பெயரைப் போட்டு இன்னொன்றை விட்டால் அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு மனம் நோகும், அதைவிட முக்கியமாக, தேடுபவருக்குக் கிடைக்காது.

அச்சுக்கு முன்

முழுப் பாடத்தையும் இருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். ஒருவர் உங்கள் படியை உரக்கப் படிக்க, மற்றவர் மூலத்தின் படத்தைக் கண்ணால் தொடர வேண்டும். படிப்பவர் நிறுத்தற்குறிகளையும் சொல்லிப் படிக்க வேண்டும். பெயர்த்தெழுதியவரே மூலத்தைத் தொடரக் கூடாது. தான் எதிர்பார்ப்பதையே அவர் கண் பார்க்கும். அதற்குப் பிறகு அடிக்குறிப்புகளைத் தனியாக எடுத்து, சட்ட எண், இதழ்த் தேதி, கோப்பு எண் ஒவ்வொன்றையும் மீண்டும் மூலத்தில் திறந்து பாருங்கள்.

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். அந்தக் காலத்து அமைச்சரவை எப்படி இயங்கியது, யார் யாருக்கு எதிராக நின்றார்கள், எந்தப் பிரச்சினை எந்தக் கூட்டங்களில் ஓடியது என்று சொல்லலாம். உங்கள் பதிப்பு விதிகளும் அதில் வர வேண்டும். எந்தக் கோப்பு காணாமல் போயிருக்கிறது, எந்தக் கூட்டம் நடந்ததாகத் தெரிந்தும் குறிப்புக் கிடைக்கவில்லை என்ற பட்டியலையும் சேருங்கள்.

இணையப் பதிப்பில் பிழை தெரிய வரும்போது சத்தமில்லாமல் மாற்றிவிட வேண்டாம். திருத்திய தேதியைப் போட்டு, பழைய வடிவத்தையும் எடுத்துப் பார்க்கும்படி வையுங்கள். உங்கள் பக்கத்தை மேற்கோள் காட்டி யாராவது ஆய்வேடு எழுதியிருந்தால், அவர் எந்த வாசகத்தைப் பார்த்து எழுதினார் என்பது அவருடைய தேர்வாளருக்குத் தெரிந்தாக வேண்டும்.